விலகினால் யாருக்கு நட்டம்?

(மட்டாஞ்சேரியில் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமூகத் தொழில்முனைவு இன்று பல கல்லூரிகளில் ஒரு பாடமாகிவிட்டது. பருவ இறுதியில் மாணவர்கள் ஒரு திட்ட அறிக்கை தருகிறார்கள். அதில் 'கூட்டாளிகள்' என்றொரு பக்கம் தவறாமல் இருக்கும். மாநகராட்சி, ஒரு தனியார் நிறுவனம், ஒரு தொண்டு நிறுவனம், கடைசி வரியில் 'உள்ளூர் மக்கள்'. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் தருவது என்ன, பெறுவது என்ன என்று கட்டம் போட்டிருப்பார்கள். எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கும், எல்லோருக்கும் ஆதாயம் இருக்கும். இவர்களில் ஒருவர் நாளைக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்று தேடிப் பார்த்தால் அதற்கு ஒரு வரி கிடைக்காது.

அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். கூட்டு முயற்சியை ஆராயவும் திட்டமிடவும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நாம் பொது நோக்கத்திலிருந்து தொடங்குகிறோம். யார் விலகினால் யாருக்கு நட்டம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பொது நோக்கம் பெரும்பாலும் முதல் கூட்டத்திலேயே கிடைத்துவிடும். பசி தீர வேண்டும், நெசவு பிழைக்க வேண்டும் என்றால் யார் மறுப்பார்கள்? ஆனால் எடுத்துக்கொள்ளும் இடர் ஒரே அளவாக இருப்பதில்லை. பாடத்தின் கடினமான பகுதி அதுதான். அதைக் கற்பிக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை, எர்ணாகுளம் மாவட்டத்துக்குள்ளேயே வேண்டிய அளவு இருக்கிறது.

பக்கத்திலேயே ஒன்று. ஃபோர்ட் கொச்சியில் வெளி மைதானத்தை ஒட்டி தோபிகானா இருக்கிறது. அங்கே துவைக்கிறவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடை துவைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. இப்போதுள்ள தோபிகானாவை 1976-இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம், ஜிசிடிஏ, கட்டிக்கொடுத்தது. வரிசையாகத் துவைக்கும் அறைகள், கல்தொட்டிகள், பின்னால் திறந்த வெளியில் காயப்போடும் கயிறுகள். இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள், கிளிப் தேவைப்படாது. பிறகு கஞ்சி, கரிப்பெட்டி இஸ்திரி. சுற்றுலாப் பயணிகள் இதையெல்லாம் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் மாணவர்கள் பார்க்க வேண்டியது இதன் அமைப்பை.

கட்டடமும் இடமும் பொதுத்துறையினுடையவை. அன்றாட ஒழுங்கைப் பார்த்துக்கொள்வது வண்ணார் சங்கம். வாடிக்கையாளர்களோ அந்தந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். ஒரு ஹோட்டல் தன் படுக்கை விரிப்புகளை இயந்திரச் சலவைக்கு மாற்றிக்கொண்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாடிக்கை போகும், வலிக்கும், ஆனால் தோபிகானா நிற்கும். ஒரு குடும்பம் தொழிலை விட்டால் அந்த அறை காலியாகும், மற்றவர்களின் வேலை தடைப்படாது. தண்ணீரும் கயிறும் வெயிலும் பொது, வருமானம் தனி. எதைப் பொதுவாக வைப்பது, எதைத் தனியாக வைப்பது என்ற இந்தப் பிரிவினைதான் ஏறக்குறைய அரை நூற்றாண்டாக அந்த இடத்தைத் தாங்குகிறது. யாரோ ஒரு ஆலோசகர் வந்து எல்லோரும் ஒரே நிறுவனமாகி ஒரே பெரிய ஹோட்டலோடு ஒப்பந்தம் போடுங்கள் என்று சொன்னால் காகிதத்தில் வருமானம் கூடும், கூடவே எல்லாக் குடும்பங்களின் சோறும் ஒரே கையெழுத்தில் போய் நிற்கும். அந்த ஆலோசனை சரியா தவறா என்று ஒரு முழு வகுப்பு விவாதிக்கலாம். நான் தவறு என்பேன். ஆனால் இளைய தலைமுறை இந்த வேலைக்கு வர விரும்பாத நிலையில் வேறு என்ன வழி என்று ஒரு மாணவி திருப்பிக் கேட்டால், அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கொடுப்பேன்.

எல்லோருடைய சோறும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டாஞ்சேரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்தில் சாப்பா முறை இருந்த ஊர் இது. அன்றைய வேலைக்கான உலோக வில்லைகளைக் கங்காணி கூட்டத்துக்குள் வீசுவான். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று இங்கே போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூன்று தொழிலாளர்கள் அந்தப் போராட்டத்தில் உயிர் விட்டார்கள். கப்பல் நிறுவனம், ஒப்பந்தக்காரர், கங்காணி, கூலி என்று அங்கும் ஒரு பட்டியல் இருந்தது, அதில் ஒவ்வொருவரும் ஏதோ தந்து ஏதோ பெற்றார்கள். கட்டம் போட்டு எழுதினால் நம் மாணவர்களின் அறிக்கைப் பக்கம் போலவே தெரியும். அதிகாரம் எங்கே இருந்தது என்பதற்கு மட்டும் அதில் கட்டம் இல்லை.

இப்போது நான் அதிக நேரம் செலவிட விரும்பும் உதாரணத்துக்கு வருகிறேன். கேரளத்தின் ஜனகீய ஹோட்டல்கள். சமூகத் தொழில்முனைவில் கூட்டாண்மை என்ற பாடத்துக்கு இந்தியாவிலேயே இதைவிடச் செறிவான ஒரு பொருளை நான் காணவில்லை.

2020-இல் தாமஸ் ஐசக் நிதியமைச்சராக இருந்தபோது வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது இது. சாதாரண மனிதர் குறைந்த விலையில் மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும், அந்த உணவகத்தைக் குடும்பஸ்ரீ என்ற மகளிர் இயக்கத்தினர் நடத்த வேண்டும். பெருந்தொற்று வந்தது, தேவை பெருகியது, மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்கள் திறந்தன. சாப்பாடு 20 ரூபாய். உள்ளாட்சி மன்றம் இடமும் தண்ணீரும் மின்சாரமும் தந்தது. பொது வழங்கல் துறை அரிசியைக் கிலோ 10 ரூபாய் 90 காசுக்குக் கொடுத்தது. சமைத்துப் பரிமாறுவது நாலைந்து பெண்கள் சேர்ந்த ஒரு குடும்பஸ்ரீ குழு. விற்ற ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு 10 ரூபாய் மானியம் தந்தது. மீன் வறுவல் போன்ற கூடுதல் பண்டங்களைத் தனி விலைக்கு விற்றுக்கொள்ளலாம்.

அழகான ஏற்பாடு. இதைக் குறைசொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் இந்த உணவகங்கள் எத்தனையோ பேரின் வயிற்றை நிரப்பின. எத்தனையோ பெண்கள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தொழிலின் முதலாளிகளானார்கள்.

இப்போது மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு சாப்பாட்டில் வரும் 30 ரூபாயில் 20 ரூபாய் சாப்பிட்டவர் கையிலிருந்து உடனே வருகிறது. 10 ரூபாய் அரசிடமிருந்து பிறகு வருகிறது. 'பிறகு' என்றால் எப்போது? ஒரு நாளைக்கு 150 சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 1,500 ரூபாய் வர வேண்டியிருக்கும். மாதத்துக்கு 25 நாள் என்றால் 37,500. ஆறு மாதம் வராவிட்டால் 2,25,000 ரூபாய். நாலைந்து பெண்கள் நடத்தும் ஒரு சமையலறைக்கு இது தாங்குகிற தொகையா? காய்கறிக்காரருக்கும் மளிகைக்காரருக்கும் எரிவாயுவுக்கும் அன்றன்றே பணம் வேண்டும். அப்படியென்றால் இந்த இடைவெளியை நிரப்புவது யார்?

நிஜத்தில் இந்தத் தாமதம்தான் நடந்தது. மானியம் மாதக் கணக்கில் நிலுவையானது. 2023 ஆகஸ்டில் மானியத்தையே அரசு நிறுத்தியது, சாப்பாட்டு விலையை 30 ரூபாயாக உயர்த்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், பழைய நிலுவையைக் கேட்டு உணவகம் நடத்திய பெண்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்து போராடினார்கள். கடன் வாங்கியும் நகை அடகு வைத்தும் அடுப்பை அணையாமல் வைத்திருந்ததாகப் பலர் சொன்னார்கள்.

இதில் ஆராய்வதற்கு எவ்வளவு இருக்கிறது பாருங்கள். இந்தக் கூட்டிலிருந்து அரசு பின்வாங்கியது, அரசுக்கு ஒரு செலவு குறைந்தது. உள்ளாட்சிக்குப் பெரிய இழப்பு இல்லை. சாப்பிட வந்தவருக்கு 10 ரூபாய் கூடுதல் செலவு. அவரும் வேறு கடைக்குப் போகலாம், அல்லது வீட்டிலிருந்து பொதி கட்டிவரலாம். விலக முடியாதவர்கள் அந்தப் பெண்கள் மட்டும்தான். பாத்திரம் வாங்கியிருக்கிறார்கள், கடன் பத்திரத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது, ஊருக்குள் அவர்கள் முகம் தெரியும். கூட்டாளிகள் பட்டியலில் பெயரே இல்லாத இன்னொருவரும் இருக்கிறார், கடனுக்குச் சாமான் கொடுத்த மளிகைக்காரர். அரசின் தாமதத்தை உண்மையில் தாங்கியது அவருடைய பற்று நோட்டு. எந்தத் திட்ட அறிக்கையிலாவது மளிகைக்காரரைக் கூட்டாளி என்று எழுதியிருக்கிறார்களா?

இந்தக் கூட்டை வேறு விதமாகத் திட்டமிட்டிருக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. மானியத்தை ரொக்கமாகத் தராமல் அரிசி விலையை இன்னும் குறைத்துக் கொடுத்திருந்தால், தாமதம் என்பதற்கே இடம் குறைந்திருக்கும். அல்லது மூன்று மாத மானியத்தை முன்பணமாக மாவட்ட அளவில் ஒதுக்கி வைத்திருக்கலாம். அல்லது நிலுவை 60 நாளைத் தாண்டினால் விலையை உயர்த்தும் உரிமை குழுவுக்குத் தானாகவே வரும் என்று முதல் நாளே எழுதியிருக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய மேதைமை தேவையில்லை. அரசு என்ற கூட்டாளி நல்லெண்ணம் இருந்தும் தாமதிப்பார் என்பதைத் தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டிருந்தால் போதும்.

குடும்பஸ்ரீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. 1998 மே 17-இல் மலப்புறத்தில் தொடங்கி வைக்கப்பட்ட இயக்கம். பத்திலிருந்து இருபது பெண்கள் சேர்ந்தது ஓர் அயல்கூட்டம், அவற்றின் மேல் வார்டு அளவில் ஓர் அமைப்பு, அதற்கு மேல் உள்ளாட்சி அளவில் ஓர் அமைப்பு. பொறுப்பாளர்களைப் பெண்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கையில் சொந்தச் சேமிப்பு இருக்கிறது. அதனால்தான் நிலுவை வந்தபோது ஒவ்வொருத்தியும் தனித்தனியாக அலுவலக வாசலில் நின்று அழாமல், ஒன்றாகப் போய்க் கேட்க முடிந்தது. கூட்டாளி என்ற பெயருக்குத் தகுதி, 'முடியாது' என்று சொல்லவும் 'என் பணம் எங்கே' என்று கேட்கவும் உள்ள திராணி. அது இல்லாத மக்களை நம் மாணவர்கள் கட்டத்துக்குள் கூட்டாளி என்று எழுதும்போது நாம் பேனாவைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஷெர்ரி அர்ன்ஸ்டீன் 1969-இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப் படிகளில் வெறும் கையாளல், நடுவில் ஆலோசனை கேட்பது போன்ற சடங்கு, ஆறாவது படியில்தான் கூட்டாண்மை வருகிறது. மாணவர்கள் தாங்கள் எழுதிய 'உள்ளூர் மக்கள்' எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று தாங்களே குறிக்கட்டும். பலருடைய பேனா நாலாவது படியைத் தாண்டாது.

பெயர் விட்டுப்போன கூட்டாளிக்கு இன்னொரு உதாரணம் கொச்சி மெட்ரோ. 2017 ஜூன் 17-இல் அது தொடங்கியபோது நாடே பாராட்டியது. நிலைய வேலைகளைக் குடும்பஸ்ரீ வழியாகப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களுக்கும் வேலை கொடுத்தார்கள். ஓர் அரசு சார்ந்த நிறுவனம் இப்படிச் செய்தது பெரிய காரியம், அதில் எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. ஆனால் வேலை தொடங்கிய சில நாட்களிலேயே எட்டுப் பேர் விலகினார்கள் என்று செய்தி வந்தது. நகரத்தில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர ஆளில்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளம் அதற்கே போய்விடுகிறது. மெட்ரோ நிறுவனம், குடும்பஸ்ரீ, வேலைக்கு வந்தவர்கள் என்று மூன்று பேர் கையெழுத்திட்ட ஏற்பாட்டைக் கையெழுத்தே போடாத நான்காமவர் கலைத்துவிட்டார். வீட்டுக்காரர்! அவரை யாரும் கூட்டத்துக்கு அழைத்திருக்கவில்லை. ஒரு மனிதர் வேலைக்கு வந்து நிற்க வேண்டுமென்றால் அதற்கு முன் எங்கே தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார், எப்படி வந்து சேர்கிறார் என்ற சங்கிலியைப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கப் பழக்க வேண்டும். வகுப்பறையில் இதற்கு எளிய வழி உண்டு. ஒரு மாணவரை அந்தப் பயனாளியாக வைத்து, அதிகாலை நாலரை மணியிலிருந்து இரவு வரை அவருடைய ஒரு நாளை எழுதச் சொல்லுங்கள். எத்தனை பேருடைய தயவு அவருக்குத் தேவைப்படுகிறது என்பது தானாகவே வெளிவரும்.

இனி சேக்குட்டி. பெயரைச் சொன்னதும் இங்கே பலர் முகம் மலர்வதைப் பார்க்கிறேன்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் வடக்கே பறவூர் பக்கம் சேந்தமங்கலம் மூழ்கியது. திருவோணம் ஆகஸ்டு 25. ஓணச் சந்தைக்கென்று நெய்து அடுக்கிய செட்டு முண்டும் சேலையும் வேட்டியும் கூட்டுறவுச் சங்கங்களின் இருப்பறையிலேயே சேற்றுக்குள் போயின. தறிக்குழிகளில் சேறு. ஆண்டின் பெரிய வருமானம் பத்து நாள் தூரத்தில் இருந்தபோது கையை விட்டுப் போயிற்று. கரிம்பாடம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கறை போகாத துணியை எரித்துவிடலாமா என்று யோசித்த நிலையில், லட்சுமி மேனன் என்ற வடிவமைப்பாளரும், பொறுப்புச் சுற்றுலாத் துறையில் இயங்கிவந்த கோபிநாத் பாறயிலும் ஒரு யோசனையோடு வந்தார்கள். துணியை நன்றாகக் கொதிக்க வைத்து, குளோரின் போட்டுச் சுத்தம் செய்து, சின்னச் சின்னப் பொம்மைகளாகக் கட்டுவது. கறையை மறைக்கக் கூடாது, அது தெரிய வேண்டும். பொம்மைக்குப் பெயர் சேக்குட்டி, ஒன்று 25 ரூபாய்.

அவர்கள் சொன்ன கணக்கு இது: 1,300 அல்லது 1,500 ரூபாய்க்கு விற்கக்கூடிய ஒரு சேலையிலிருந்து ஏறக்குறைய 360 பொம்மைகள் வரும். 360-ஐ 25-ஆல் பெருக்கினால் 9,000 ரூபாய். பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் வெளிநாட்டு மலையாளிகள் கூட்டங்களிலும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பொம்மை கட்டினார்கள். பணம் நெசவாளர் சங்கத்துக்குப் போயிற்று.

இந்த உதாரணத்தை எல்லோரும் பாராட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள். கூட்டாண்மை படிக்கும் மாணவர் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலாவது, நெசவாளர் சங்கம் இதில் கையேந்தவில்லை. கச்சாப்பொருள் அவர்களுடையது. வேறு யாரிடமும் இல்லாத கச்சாப்பொருள். வெள்ளம் அவர்களுடைய இருப்பைக் கெடுத்தது, அந்தக் கெட்ட இருப்பே பேரத்தில் அவர்களுடைய பலமாயிற்று. இரண்டாவது, தன்னார்வலர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதை இந்த ஏற்பாடு முதலிலேயே கணக்கில் வைத்திருந்தது. ஒருவர் பத்துப் பொம்மை கட்டிவிட்டுப் போய்விட்டால் பத்துப் பொம்மை மிச்சம். யாருடைய உலையும் அதனால் நிற்காது. சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட வேலை, விலகுதலைத் தாங்கும் வேலை. ஜனகீய ஹோட்டலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். சேறு படிந்த துணி ஒரு நாள் தீர்ந்துவிடும். பொம்மை தறியைச் சரிசெய்யாது, தறியில் உட்கார அடுத்த தலைமுறையையும் கூட்டிவராது. தறியைத் தூக்கி நிறுத்த வேறு கைகள் வந்தன, அரசு உதவி வந்தது. ரமேஷ் மேனன் தொடங்கிய 'சேவ் தி லூம்' முயற்சி தறிகளைச் சீராக்குவதிலும் கைத்தறிக்குப் புதிய வாங்குவோரைத் தேடுவதிலும் இறங்கியது. முடிவு தேதி உள்ள கூட்டும், நீண்ட நாள் தேவைப்படும் கூட்டும் வெவ்வேறு சாதி. முதலாவதை நீட்டிக்கப் பார்ப்பதும் இரண்டாவதை ஒரு நிகழ்ச்சியோடு முடித்துக்கொள்வதும் மாணவர் திட்டங்களில் நான் ஓயாமல் பார்க்கும் கோளாறு. 'நிலைத்தன்மை' என்ற தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் என்றென்றைக்கும் நடத்தப்போவதாக எழுதுகிறார்கள். வேலை முடிந்ததும் மரியாதையாகப் பிரியும் கூட்டு தோல்வியல்ல என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்லாமல் போனால் மனம் ஆறாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அதன் கண் முகாம்களைப் பாருங்கள். ஊரில் இடம் பிடிப்பது, விளம்பரம் செய்வது, மக்களைத் திரட்டுவது எல்லாம் அரிமா சங்கம், ரோட்டரி, கோயில் அறக்கட்டளை, உள்ளூர் வியாபாரி என்று யாரோ ஒரு முகாம் புரவலர் பொறுப்பு. சோதனை, அறுவை, லென்ஸ், மருத்துவத் தரம் எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. புரவலர் அடுத்த ஆண்டு வரவில்லையென்றால் ஓர் ஊரில் ஒரு முகாம் குறையும், மருத்துவமனை நிற்காது. விழிக்குள் வைக்கும் லென்ஸுக்கு வெளிநாட்டு நன்கொடையை நம்பியிருந்த வரை அந்த நிம்மதி அவர்களுக்கு இல்லை. அதனால் 1992-இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள், விலை பல மடங்கு இறங்கியது. எந்தக் கூட்டாளி விலகினால் உயிர்நாடி அறுந்துபோகுமோ, அந்த வேலையைச் சொந்தக் கைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் கூட்டாகச் செய்ய வேண்டியதில்லை என்பதும் கூட்டாண்மைப் பாடத்தின் ஒரு பகுதிதான்.

பாடப்புத்தகத்தில் ஜேம்ஸ் ஆஸ்டின் வருவார். ஹார்வர்டு பேராசிரியர். 2000-இல் வந்த தம் நூலில் நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் இடையிலான உறவு நன்கொடையில் தொடங்கி, கொடுக்கல் வாங்கலாக வளர்ந்து, ஒன்றிணைந்த நிலைக்குப் போகும் என்று மூன்று கட்டங்களாகச் சொன்னார். பயனுள்ள வரைபடம், கற்றுக்கொடுங்கள். ஆனால் அது இரண்டு நிறுவனங்கள் தத்தம் மேசையில் உட்கார்ந்து பேசும் காட்சி. நாம் பார்த்த உணவகத்தில் உறவு மூன்றாம் கட்டம்வரை போய், ஓர் அரசாணையில் திரும்பி வந்தது. திரும்பி வரும் பாதையையும் வரையச் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் இதையெல்லாம் எப்படிச் செய்வது? நாட்காட்டியில் தொடங்குங்கள் என்பேன். சுவரில் ஒரு நீளத் தாளை ஒட்டி, பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, ஒவ்வொரு கூட்டாளியின் ஆண்டையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்கு மார்ச் 31 முக்கியம். நிறுவனச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின் கீழ் வரும் கம்பெனிகள் கடந்த மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பலர் பிப்ரவரியில்தான் பரபரக்கிறார்கள். தொடர் திட்டம் என்று அறிவித்தாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகள்தான் வரம்பு. நெசவாளருக்கு ஆண்டு என்பது ஓணம். மீனவர் குடும்பத்துக்கு ஜூன் 9 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். மட்டாஞ்சேரியில் பியெனாலே கலைத் திருவிழா நடக்கும் குளிர்காலத்துக்கு ஒரு நாட்காட்டி, நடக்காத குளிர்காலத்துக்கு வேறு நாட்காட்டி. 2022-இல் டிசம்பர் 12 அன்று திறக்க வேண்டிய முக்கியக் கண்காட்சி கடைசி நேரத்தில் 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. கலைஞர்கள் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள், அது செய்தியானது. அந்தப் பதினோரு நாளை நம்பி அறை ஒதுக்கியிருந்த தங்கும் விடுதிக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் எங்கே எழுதுவார்கள்? இந்த நாட்காட்டிகள் எங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பார்த்தால் சண்டை எந்த மாதத்தில் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அடுத்து, ஒவ்வொரு கூட்டாளியாக நீக்கிக் கணக்கை மீண்டும் போடுவது. கம்பெனி இல்லை என்று வைத்துக்கொள், யாருடைய கையில் கடன் நிற்கும்? மாநகராட்சியில் ஆணையர் மாறிவிட்டார், புதியவருக்கு இதில் ஆர்வமில்லை, சாவி யாரிடம் இருக்கும்? கொச்சி மாநகராட்சி 2021 அக்டோபரில் 10 ரூபாய் சாப்பாட்டோடு தொடங்கிய 'சம்ருத்தி' உணவகத்தையும் மாநில அரசின் ஜனகீய ஹோட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைச் செய்து பார்க்கலாம். சமைப்பவர்கள் இரண்டிலும் குடும்பஸ்ரீ பெண்கள்தான், ஆனால் பணம் தந்த கை வேறு. எது உறுதியானது என்று மாணவர்கள் வாதாடட்டும். விடை என்னிடம் தயாராக இல்லை, அவர்கள் இடத்துக்குப் போய்க் கேட்டு வர வேண்டும்.

கேட்டு வருவது என்று சொன்னேன். அங்கேதான் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விலகும் கூட்டாளிகளில் நிச்சயமாக விலகப்போகிறவர்கள் யார் என்று பாருங்கள். மாணவர்கள்! ஒரு பருவம் முடிந்ததும் போய்விடுவார்கள். பஜார் ரோட்டுக் கிடங்கில் இஞ்சி புடைக்கும் பெண்களிடம் போய்ப் பெயர், வயது, கூலி, கனவு எல்லாம் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அடுத்த ஆண்டு வேறு இருபது பேர் அதே கேள்விகளோடு போகிறார்கள். அந்தப் பெண்களுக்கு அரை நாள் கூலி போகிறது, மாணவருக்கு மதிப்பெண் வருகிறது. கல்லூரியே இந்த ஊரில் ஒரு வலுத்த கூட்டாளி, எளிதில் விலகக்கூடிய கூட்டாளி. இதை மாணவர்கள் தங்கள் அறிக்கையில் முதல் வரியாக எழுத வேண்டும். துறையும் ஏதாவது செய்தாக வேண்டும். தெருவோடும் சங்கத்தோடும் உறவு வைத்திருப்பது துறையின் பொறுப்பாக இருக்கட்டும், மாணவர் அணி மாறினாலும் தொடர்புக்கு ஒரே ஆசிரியர் இருக்கட்டும். ஒருமுறை திரட்டிய தகவலை மறுபடி கேட்காமல் பத்திரப்படுத்துங்கள். கேட்ட நேரத்துக்குக் கூலி கொடுங்கள். கல்லூரி நிர்வாகம் அந்தச் செலவை ஒத்துக்கொள்ளாது என்று சிலர் தலையசைக்கிறீர்கள். ஆய்வகத்தில் அமிலமும் கண்ணாடிக் குடுவையும் வாங்கப் பணம் ஒதுக்குகிறோமே, இது அந்த மாணவர்களின் ஆய்வகம் இல்லையா?

மதிப்பெண்ணையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். திட்டத்தை எழுதி முடித்ததும் மாணவர்கள் அதை யாருக்காக எழுதினார்களோ அவர்களிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டட்டும். மலையாளத்தில், தமிழ் பேசும் தெரு என்றால் தமிழில். ஆங்கில அறிக்கையின் சுருக்கம் போதாது, பணம் எப்போது வரும், வராவிட்டால் யார் கடன்படுவார்கள், நீங்கள் எப்படி விலகலாம் என்ற மூன்று பத்தியும் முழுதாக. கேட்பவர்கள் நடுவில் நிறுத்துவார்கள், இது நடக்காது என்பார்கள், அந்த ஆள் அப்படிச் செய்ய மாட்டான் என்பார்கள். எந்த வரியில் நிறுத்தினார்கள், என்ன சொன்னார்கள் என்பதை மாணவர்கள் அப்படியே குறித்துக்கொண்டு வரட்டும். அறிக்கையோடு அந்தக் குறிப்பையும் வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் கொடுக்க வேண்டிய பாடம் அந்தக் குறிப்புதான்.